இடது காலுக்கு ஒரு வேலை

1

ஜெலுத்தோங்கில் பழைய கார் விற்கும் நாசிர் பாய் என் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என் கையில் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த நீலக் காரின் சாவியை மறுபடி இழுப்பறைக்குள் போட்டார்.

“அண்ணே, மன்னிச்சுக்குங்க. இது ஆட்டோ லைசென்ஸ் லா. மேனுவல் காடிய உங்க கையில கொடுக்க முடியாது.”

காடி என்றால் இங்கே கார்; ‘லா’ என்பது பேச்சின் முடிவில் சும்மா ஒட்டிக்கொள்ளும் ஓர் ஒலி. ‘வண்டி’ என்றால் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்கள் என்று நானும் காடி என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

அவருடைய இடத்தில் ஒரே மாதிரி இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின் இருக்கையில் பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. வெள்ளை, தானாகக் கியர் மாற்றிக்கொள்வது. நீலம், கையால் மாற்றுவது, ஆறு கியர். இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் சனிக்கிழமை காலை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“எனக்குக் கியர் காடி ஓட்டத் தெரியும் பாய். கோயமுத்தூர்ல பத்து வருஷம் ஓட்டினவன்.”

“தெரியாம இருக்குமா? ஆனா கார்டுல இல்லையே. வெள்ளைய எடுத்துட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.”

நான் வெள்ளையை எடுக்கவில்லை. கோபத்தில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். என் சொந்தக் காரை அவருடைய வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

2

பினாங்குக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கும் நண்பர்கள் இங்கே என்ன வேலை என்று இன்னும் கேட்கிறார்கள். அதே வேலைதான். கோவையில் ஒன்பது வருடம் பற்சக்கரம் வெட்டினேன். இங்கே பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் அதையே வெட்டுகிறேன். கியர்பெட்டிக்குள் இருக்கிற சக்கரங்களின் பல் எத்தனை, கோணம் எவ்வளவு, எங்கே தேயும் என்று கையால் தடவிச் சொல்வேன். அந்தச் சக்கரத்தை நகர்த்துகிற கம்பியைத் தொட எனக்குச் சட்டப்படி அனுமதி இல்லை.

இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. வந்த புதிதில், ஊர் உரிமம் காலாவதியாகிக் கிடந்தது. வீடு தீவில், பாயான் பாருவில். வேலை கடல் பாலத்துக்கு அந்தப்புறம், பெருநிலத்தில். அவசரமாக ஓர் உரிமம் வேண்டியிருந்தது. ஓட்டுநர் பள்ளியில் இருந்தவர், “ஆட்டோவா மேனுவலா? ஆட்டோன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார். சீக்கிரம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அட்டையில் ‘டி’ என்று இருந்தால் எதையும் ஓட்டலாம், ‘டிஏ’ என்று இருந்தால் ஆட்டோ மட்டும்தான் என்பதை அன்றைக்கு யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் படிக்கவில்லை. வந்த புதிதில் எத்தனையோ தாள்களில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் எது எப்போது எழுந்து வந்து முன்னால் நிற்கும் என்று தெரியாது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வாணி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

“ஏனுங்க, அந்தப் பாலத்துல தெனமும் ஒரு மணி நேரம் நிக்கறது யாருங்க? கிளச்ச மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சுன்னா தைலம் தேய்க்கறது யாருங்க? வெள்ளையவே வாங்குங்க. நானும் ஓட்டலாமில்ல?”

நியாயம்தான். அவளுக்கும் ஆட்டோ உரிமம்தான். கையால் மாற்றும் காரை வாங்கினால் வீட்டில் யாருமே ஓட்ட முடியாது என்று நான் எரிச்சலோடு சொன்னேன்.

சோபாவில் கைப்பேசியோடு சாய்ந்திருந்த மகள் வர்ஷினி நிமிர்ந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது.

“நான் ஓட்டலாம்பா. என்கிட்ட டி இருக்கு.”

“உன்கிட்டயா? எப்போ?”

“பதினெட்டு வயசுல எடுத்தேன்ல? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மேனுவல் எடுத்தாங்க, நானும் எடுத்தேன். ஃபார்ம்ல நீங்கதான் சைன் பண்ணீங்க லா.”

அதையும் நான் படித்திருக்கவில்லை. மூன்று வருடமாக என் மகளிடம் என்ன உரிமம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்ததும் வாணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3

உரிமத்தில் ‘டி’ சேர்க்க மறுபடி வகுப்புக்குப் போக வேண்டும், மறுபடி தேர்வு கொடுக்க வேண்டும். சரி, நாற்பத்தாறு வயதில் அதையும் பார்த்துவிடலாம் என்று விடுப்புப் போட்டுவிட்டு சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன்.

வரிசை எண் எடுத்து, முறை வந்து, கவுண்டர் முன்னால் உட்கார்ந்ததும் அங்கே இருந்த பெண்மணி கடவுச்சீட்டைப் பார்த்தார். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். என் ஆட்டோ உரிமத்தில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, வேலை அனுமதியில் எழுத்து மட்டும் இருந்தது. மூன்று தாளில் மூன்று மனிதர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “துங்கு டூலு, என்சிக்” என்று சொல்லி உள்ளே போனார்.

கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று அர்த்தம். வந்த முதல் மாதத்தில் குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இதே சொல்லைக் கேட்டு, ‘தூங்கு’ என்கிறார்களே, என்ன மரியாதை இல்லாத ஊர் என்று மனம் நொந்து போயிருக்கிறேன். அர்த்தம் தெரிந்த பிறகும் அந்தச் சொல்லின் மேல் உள்ள எரிச்சல் போகவில்லை. பதினான்கு வருடத்தில் நான் அதிகம் கேட்ட மலாய்ச் சொல் அதுதான்.

பெண்மணி திரும்பி வந்தார். பெயர் விவகாரத்துக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் போதுமாம். ஆனால் என் வேலை அனுமதி முடிய ஆறே வாரம்தான் இருந்தது. புதுப்பித்துக்கொண்டு வந்தால் சேர்த்துச் செய்துவிடலாம் என்றார். விதி அப்படி. அவர் முகத்தில் வருத்தமே தெரிந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் படியிறங்கி வந்தேன்.

நாசிர் பாயிடம் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார். “அவசரமே இல்ல அண்ணே. மேனுவல் காடிய இப்ப யாரு கேக்குறா? அது அங்கேயேதான் நிக்கும். வெள்ளைக்குத்தான் ஆள் வருது.”

4

அனுமதி புதுப்பித்து வர இரண்டு மாதம் ஆயிற்று. வகுப்பு சுங்கை பாக்காப் தாண்டி ஒரு பயிற்சி மைதானத்தில். என்னோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இப்போதுதான் பள்ளி முடித்தவர்கள். அவர்களில் ஒரு பெண் நான் சொல்லிக்கொடுப்பவர் என்று நினைத்து என்னிடம் வந்து வணக்கம் சொன்னாள்.

சொல்லிக்கொடுத்தவர் மகேஸ் அக்கா. ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு. மேடம் என்று கூப்பிட்டேன்.

“மேடமெல்லாம் வேணாம் லா. அக்கான்னே கூப்பிடுங்க. பசியாறியாச்சா? சரி, ஸ்டார்ட் பண்ணுங்க. ஃப்ரீ போட்டுட்டுப் பண்ணுங்க.”

“எது ஃப்ரீ?”

“ஃப்ரீ கியர் அண்ணே. நீங்க என்னான்னு சொல்வீங்க?”

நியூட்ரல் என்றேன். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி. கால் மறந்துபோயிருந்தது. இடது காலைக் கிளச்சிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அந்தச் சின்னக் கார் முன்னால் குதித்தது. பத்து வருடம் ஓட்டியவன் என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை அவர் சொன்னார்:

“ஓட்டியிருப்பீங்க அண்ணே. நா இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப என் காடியத்தானே ஓட்டுறீங்க? மெதுவா விடுங்க.”

தேர்வு நாளில் வர்ஷினி கூட வந்தாள். அவள் கோலாலம்பூர் போக ஒரு மாதம் இருந்தது. மைதானத்தில் ஒரு செயற்கை மேடு உண்டு. புக்கிட் என்பார்கள். அதில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்னால் நழுவாமல் மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் போன பையன்களும் பெண்களும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். நான் ஏறினேன். நிறுத்தினேன். கைபிரேக்கை விட்டேன். இன்ஜின் ஒரு முறை இருமி நின்றது. கார் பின்னால் போயிற்று.

தேர்வாளர் தாளில் ஒரு கோடு போட்டார்.

கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் வர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் அவள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாதது எனக்குத் தாங்கவில்லை. “எப்பப் பாரு போன்தானா? அப்பா கூட வந்தா ரெண்டு வார்த்தை பேசக்கூட முடியாதா?” என்று கத்தினேன். அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் முழுக்க அப்படியே வந்தோம்.

5

அன்று மாலை சாப்பிடும்போது நான் வாணியிடம் புலம்பினேன். “கல்யாணம் ஆன வருஷம் உன்ன வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போனேனே, நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவை இன்ஜின் நின்னுதா? இவங்க ஒரு மேட்டக் காட்டி என்னைய ஃபெயில் பண்றாங்க.”

வாணி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“நெசமாலுமே மறந்துட்டீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?”

“என்னத்த?”

“ஒம்பதாவது வளைவுல ரெண்டு வாட்டி நின்னுபோச்சுங்க. பின்னால வந்த பஸ்ஸு ஆரன் அடிச்சு, கண்டக்டர் எறங்கி வந்து திட்டி, கடைசில அந்த டிரைவரே நம்ம வண்டில ஏறி வளைவத் தாண்டி உட்டுட்டுப் போனாரு. நீங்க ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் எங்கிட்டப் பேசல.”

நான் இல்லை என்றேன். ஆனால் அவள் சொல்லச் சொல்ல அந்த ஓட்டுநரின் காக்கிச் சட்டை எனக்கு ஞாபகம் வந்தது. அக்குளில் கிழிந்திருந்தது. இத்தனை வருடம் அவரை நான் எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. வெளியூரில் இருக்கிறவனுக்கு ஒரு வசதி. அங்கே நான் யாராக இருந்தேன் என்று இங்கே சரிபார்க்க ஆள் கிடையாது, மனைவியைத் தவிர.

வர்ஷினி சிரித்தாள். காரில் திட்டியதற்குப் பிறகு அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

6

அடுத்த வாரம் நாசிர் பாய் அழைத்தார். “அண்ணே, நா சொன்னது தப்பாப் போச்சு. நீலத்தக் கேட்டு ஈப்போவுலேர்ந்து ஒருத்தரு வர்றாரு. ஞாயித்துக்கெழம முடிவு சொல்லணும்.”

மறு தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் கேட்காமலே வர்ஷினி, “வாங்க, நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க” என்றாள்.

ரெலாவ் வழியாக பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதையில் ஓட்டினாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். மகள் ஓட்டும் காரில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தாள். அதிராமல், அவசரப்படாமல். பல்லோடு பல் சேரும் அந்தச் சின்னத் தடுக்கல் தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது.

“அப்பா, இந்த டக்குன்னு ஒரு ஃபீல் வருதே, அது என்ன?”

“உள்ள ரெண்டு சக்கரம் வேற வேற வேகத்துல சுத்துது. ஒண்ண இன்னொண்ணோட வேகத்துக்குக் கொண்டு வந்து சேக்குது.”

“நீங்க ஃபேக்டரில செய்யறது அதுவா?”

“அதுல ஒரு பாதி. பல்லு வெட்டறது.”

“சீரியஸ்லி? எனக்குத் தெரியாதுப்பா. மெஷின் பார்ட்ஸ்னு மட்டும்தான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லுவேன்.”

ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். பதினான்கு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. மலை இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பல் ஏன் சாய்வாக இருக்கிறது, ரிவர்ஸில் ஏன் சத்தம் வேறு மாதிரி, தப்பாக வெட்டினால் என்ன செய்வீர்கள். நான் கைகளைச் சக்கரம் போலக் கோத்துக் காட்டினேன். எதிரில் வந்த லாரிக்காரர் அவரைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஆரன் அடித்துவிட்டுப் போனார்.

நாசிர் பாயின் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: “நீலத்தையே வாங்குங்கப்பா. நான் மாசம் ஒரு தடவ வந்து ஓட்டறேன்.”

வாங்கிவிட்டேன். பாலமும் இல்லை, முட்டியும் இல்லை, வாணியின் முகமும் இல்லை, அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் அப்போது எனக்குக் கேட்டது. வீடு வரை வர்ஷினிதான் ஓட்டி வந்தாள். அடுத்த இரண்டு வாரம், அடுக்குமாடியின் கீழே, எனக்குச் சொந்தமான, நான் ஓட்டக்கூடாத காரைத் தினமும் துடைத்தேன்.

7

இரண்டாம் தேர்வில் மேட்டில் கார் நழுவவில்லை. மகேஸ் அக்கா தூரத்திலிருந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அதற்கு அடுத்த வாரம் வர்ஷினி கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்த பழைய காரை வாணிக்குக் கொடுத்துவிட்டு, நான் நீலத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குப் பினாங்குப் பாலத்தின் காலை நேரத்தை எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் கடல், முன்னாலும் பின்னாலும் கார். கிளச், முதல் கியர், பத்தடி. கிளச், நியூட்ரல், நிறுத்து. மறுபடி கிளச். இருநூறு குதிரைச் சக்தி நடந்து போகிற மனிதனின் வேகத்தில் ஊர்ந்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை. பக்கத்துக் காரில் ஒருவர் கால்களை நீட்டிக்கொண்டு பன் தின்பார். என் இடது முட்டி இரண்டாம் வாரமே பேச ஆரம்பித்துவிட்டது. மாக் மண்டின் போய் இறங்கும்போது நொண்டினேன். பட்டறையில் இருப்பவர்கள், “புது காடி எப்படி பாஸ்?” என்று கேட்டால், “ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன்.

வாணியிடம் வலி என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தைலப் புட்டியை மட்டும் குளியலறையிலிருந்து எடுத்து என் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

வர்ஷினி முதல் மாதம் வரவில்லை. புது வேலை. இரண்டாம் மாதம் தோழி ஒருத்தியின் பிறந்தநாள். மூன்றாம் மாதம் நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பேசுவாள். தமிழில் தொடங்குவாள், நடுவில் ஆங்கிலத்துக்குப் போவாள், பின்னால் யாரோ கூப்பிட்டால் மலாயில் பதில் சொல்வாள். கார் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். நீ சொன்னதை நம்பித்தான் வாங்கினேன் என்று தொண்டை வரை வந்தது.

8

தீபாவளிக்கு வந்தாள். மறுநாள் காலையில், “வாங்கப்பா, போலாம்” என்று சாவியை எடுத்துக்கொண்டாள். அதே மலைப்பாதை. பாதி ஏறியதும் ஓரமாக நிறுத்தினாள்.

“அம்மா சொன்னாங்க. எனக்காகத்தான் இத வாங்கினீங்களா?”

“அம்மாவுக்கு என்ன தெரியும்?”

“கால் வலிக்குதாமே. தைலம் போடறீங்களாமே. ஏன்ப்பா இப்படி? நான் அன்னிக்கு சும்மா எக்சைட்மென்ட்ல சொன்னேன். மாசா மாசம் வர முடியாது. ட்ரை பண்ணேன், முடியல. ஒவ்வொரு மாசமும் கில்ட்டியா இருந்துச்சு. அதனாலயே போன்லகூடச் சரியாப் பேசத் தோணல.”

எனக்குக் கோபம் வந்தது. சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

“எனக்காகன்னு ஒண்ணும் வாங்காதீங்கப்பா. உங்களுக்கு இது பிடிச்சிருக்கா, அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா வித்துடலாம்.”

“பாலத்துல பிடிக்கல. பிடிக்கவே இல்ல. வெறுப்பா இருக்கு. இங்க...” என்று சாலையைப் பார்த்தேன். “இங்க ஒரு தடவகூட நான் ஓட்டினதில்ல.”

“என்னது? நாலு மாசமா?”

“நீ வந்ததும் சேந்து வரலாம்னு.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். “எறங்குங்க. நீங்க ஓட்டுங்க.”

ஓட்டினேன். முதல் இரண்டு வளைவில் கியர் முரண்டு பிடித்தது. மூன்றாவது வளைவில் சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு கைக்கும் காலுக்கும் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாலிக் பூலாவ் இறங்கும்போது திரும்பிப் பார்த்தால், அவள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். இரண்டு நாள் முன்புதான் பேருந்தில் ஐந்து மணி நேரம் வந்தவள். எழுப்பாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே மறுபடி ஏறினேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் வளைவுகளை மெதுவாகவே எடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல் பட்டறையின் வேனில் வேலைக்குப் போகிறேன். ஆறே காலுக்கு அடுக்குமாடியின் கீழே வரும். கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் எனக்கு. நீலக் கார் வாரம் ஆறு நாள் உறை போர்த்தி நிற்கிறது. ஞாயிறு காலையில் மட்டும் மலைக்குப் போய் வருகிறேன், தனியாக.

முதல் நாள் உணவு டப்பாவோடு வேனுக்காக நின்றபோது வாணி கீழே இறங்கி வந்தாள். உறை போர்த்திய காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுக்குத்தானுங்களா ரெண்டு வாட்டி பரீட்சை எழுதுனீங்க?”

“ஆமா” என்றேன்.